வள்ளியம்மா கை நனைக்கவில்லை

பெண் பார்க்கப் போகிறவர்கள் நாள் பார்ப்பார்கள், ராகு காலம் பார்ப்பார்கள், பூனை குறுக்கே போகிறதா என்று பார்ப்பார்கள். வானத்தைப் பார்க்க மட்டும் ஒருத்தருக்கும் தோன்றாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்தே லுக்குட் பக்கம் கடல் மேலே கறுத்துக்கொண்டு கிடந்தது. பாரோயிலிருந்து புறப்பட்ட மாப்பிள்ளை வீட்டார் அதை எங்கே கண்டார்கள்? கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏர்கோனைப் போட்டுக்கொண்டு, புக்கிட் பெலண்டோக் தாண்டி எங்கள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஆடி ஆடி வந்து வீரமுத்து வீட்டு வாசலில் இறங்கினார்கள். நல்ல நேரத்தில்தான் இறங்கினார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வீரமுத்து தோட்டத்தில் வெட்டு மண்டோர். எண்ணெய்க்காகச் செம்பனைக் குலை வெட்டுகிற ஆட்களைக் கட்டி மேய்க்கிற வேலை. ஆட்கள் எல்லாம் இப்போது இந்தோனேசியாவும் பங்களாதேஷும்தான். நம் ஆட்களில் பாதிப் பேர் சிரம்பானுக்கும் மீதிப் பேர் சுடுகாட்டுக்கும் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் இருக்கிற நாலைந்து வீட்டில் வீரமுத்து வீடு ஒன்று. மனைவி குமுதவல்லி. ஒரே மகள் புனிதா. அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. தோட்டத்து மில்லில் குலை லாரிகளுக்கு எடை போடுகிற வேலை. எடையைக் குறைத்துவிட்டாய் என்று சண்டைக்கு வருகிற டிரைவர்களோடு தினமும் மல்லுக்கட்டி அவள் குரல் பெரிதாகிப் போனது. குணம் என்னவோ தங்கம். அதை யாரிடம் போய்ச் சொல்வது? பெண் பார்க்க வருகிறவர்கள் குரலைத்தான் கேட்கிறார்கள்.

இதற்கு முன்பும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் காப்பியைக் குடித்தார்கள், கேசரியை வழித்தார்கள், "போய்ச் சொல்றோம்" என்று எழுந்தார்கள். பிறகு வாட்ஸ்ஆப்பில் கும்பிடு போடுகிற பொம்மையோடு ஒரு செய்தி வரும். ஜாதகம் சரியில்லை, பையன் சிங்கப்பூர் போகிறான், இப்போதைக்கு யோசனை இல்லை. கடைசியாக வந்த கும்பிடைப் பார்த்துவிட்டுப் புனிதா தாயிடம் சொல்லிவிட்டாள்.

"இந்தப் பாரோய்க்காரங்கதான் லாஸ்ட்டு. இதுக்கப்புறம் காப்பித் தட்ட நான் தூக்க மாட்டேன். நீயே தூக்கு, நீயே ஒக்காந்து காட்டு."

அதனால் குமுதவல்லிக்கு இந்தச் சம்பந்தம் வாழ்வா சாவா என்று ஆகிவிட்டது. தப்பினால் மகள் தனிமரமாக நின்றுவிடுவாள் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தில் அவள் காலையிலேயே ஆட்டுக்கறி வாங்கிவரச் சொல்லி ஒரு பெரிய சட்டி நிறையக் குழம்பு வைத்துவிட்டாள்.

"யாருடி சாப்டப் போறா? காப்பி குடிச்சிட்டுப் போயிருவாங்க" என்றார் வீரமுத்து.

"ஒருவேள சாப்ட்டா?"

இந்த ஒருவேளையில்தான் கதையே இருக்கிறது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி குடிக்கலாம், கேசரி தின்னலாம், முறுக்கைக் கடிக்கலாம். சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. அதற்கப்புறம் மாற்றிப் பேசினால், சோற்றைத் தின்றுவிட்டுப் பெண்ணை வேண்டாம் என்றவர்கள் என்று ஊர் காறித் துப்பும்.

மாப்பிள்ளையின் தாய் வள்ளியம்மாவுக்கு இந்தச் சட்டம் தலைகீழ்ப் பாடம். வெடவெடவென்று ஒல்லியான மனுஷி, நிமிர்ந்துதான் உட்காருவாள். கணவர் அமிர்தலிங்கம் அதற்கு நேர் எதிர். தொந்தியும் சிரிப்புமாக இருப்பார், இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதிக்காரர், முறுக்கைக்கூட மனைவி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். மகன் முகுந்தன் ஏர்கோன் சர்வீஸ் செய்கிறவன். நல்ல உயரம், நல்ல கறுப்பு, உட்காரச் சொன்ன இடத்தில் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தான்.

புனிதா காப்பித் தட்டோடு வந்தாள். "என்னாம்மா வேல செய்ற?" என்று வள்ளியம்மா கேட்டாள்.

"மில்லுல வெயிட் போடறேன் ஆன்ட்டி!"

வள்ளியம்மா காதைத் தடவிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஓர் இடி விழுந்தது. கரண்டு போனது. கூரைத் தகரத்தின் மேல் மழை கொட்டிய கொட்டில் அதற்கப்புறம் புனிதா பேசியதுதான் எல்லோருக்கும் காதில் விழுந்தது. மற்றவர்கள் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மழ விட்டதும் கெளம்பலாம்" என்று வள்ளியம்மா கத்தினாள்.

"ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போலாம்லா அக்கா!" என்று குமுதவல்லியும் கத்தினாள்.

"வேணாம்மா! வயிறு ஃபுல்லா இருக்கு!"

மழை விடவில்லை. காற்று வேறு கிளம்பி வெளியே செம்பனை மட்டைகளைப் பிய்த்துப் போட்டது. முகுந்தன் காரைத் திருப்பி வைக்கப் போனவன் முழங்கால் வரை சேறாகத் திரும்பி வந்தான். தோட்டத்து வாய்க்கால் பாலத்தின் மேலே தண்ணீர் ஓடுகிறது, அங்கிட்டும் இங்கிட்டும் இரண்டு மரம் சாய்ந்து கிடக்கிறது, காரை மேட்டில் ஏற்றி வைத்திருக்கிறேன் என்றான்.

"கடல் ஏத்தம் வேற" என்றார் வீரமுத்து. "தண்ணி எறங்காதுண்ணே. கடலு வாங்குனாத்தான் எறங்கும். இது பஞ்சிர்தான்."

"பஞ்சிரா?" வெள்ளம் என்றதும் வள்ளியம்மா எழுந்தே விட்டாள். "அப்ப நாங்க எப்புடி வீட்டுக்குப் போறது?"

"எங்க போறது? இதான் இனிமே வீடு" என்று அமிர்தலிங்கம் சிரித்தார். வள்ளியம்மா பார்த்த பார்வையில் சிரிப்பைப் பாதியில் முழுங்கிக்கொண்டார்.

பொழுது சாய்கிற நேரத்துக்குத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டியது. முதலில் கதவுக்கு அடியில் பழுப்பாக நாக்கை நீட்டியது, பிறகு பாயை நனைத்தது, பிறகு சோபா காலைப் பிடித்தது. அந்த வீட்டுக்கு வெள்ளம் புதுசில்லை. போன வெள்ளத்தில் அடிபட்ட வீரமுத்து, பின்னால் இருக்கிற குசினியை மட்டும் சிமெண்டு போட்டு மூன்று படி உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார். "ஊருல ஹாலுக்கு டைல்ஸ் போடுவாங்க, இந்த மனுசன் அடுப்பங்கரைக்கு மேடை கட்டுறாரு" என்று அப்போது குமுதவல்லி திட்டித் தீர்த்தாள். இப்போது அந்த மேடைதான் வீட்டில் காய்ந்த இடம்.

ஆக, எல்லோரும் குசினிக்குப் போக வேண்டியதாயிற்று. அடுப்பு இருக்கிற இடத்துக்கு. ஆட்டுக்கறிச் சட்டி இருக்கிற இடத்துக்கு. சாப்பிட மாட்டேன் என்று வைராக்கியமாக இருக்கிற பொம்பளைக்குக் கிடைத்த இடத்தைப் பாருங்கள்.

போவதற்கு முன் வேலை பெண்டை நிமிர்த்தியது. முகுந்தன் பட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு இறங்கினான். ஐஸ்பெட்டியை ஒரு பக்கம் அவனும் மறு பக்கம் புனிதாவும் பிடித்து மேசை மேல் ஏற்றினார்கள்.

"ஒங்க பக்கம் தூக்குங்க! இன்னும்! இன்னும்! நிறுத்து!" என்று புனிதா போட்ட சத்தத்தில் அவன் உண்மையாகவே நின்றுவிட்டான், பெட்டியை நெஞ்சில் தாங்கிக்கொண்டு.

"சாரி. லாரிக்காரங்கள சொல்ற மாதிரி சொல்லிட்டேன்."

"பரவால்ல. ஒரு டன்னு வெயிட்டு இருக்கு, நானும் லாரிதான்."

அவள் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் டிவி, துணி பீரோ, சாமி படங்கள், அரிசி டின், கேஸ் சிலிண்டர் எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஏற்றினார்கள். கூண்டுக் கோழிகளைப் பிடிக்கப் போனபோது முகுந்தன் மூடியில்லாத லோங்காங்கில் இடுப்பு வரை இறங்கி, ஒரு சேவலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி சாக்கடையில் நின்றான். புனிதா கையைக் கொடுத்து இழுத்து ஏற்றினாள். சேவலை அவன் விடவில்லை. புனிதாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை. அந்த நிமிஷத்தில் பிடித்துவிட்டது.

வள்ளியம்மாவுக்குக் குசினியில் ஒரு நாற்காலி போட்டார்கள். கோழிகள் அவள் காலடியில். குமுதவல்லி கேஸ் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"எதுக்கு இப்ப அடுப்பு?"

"கரண்டு இல்லையேக்கா. ஐஸ்பெட்டி ஓடல. கொழம்பச் சூடு பண்ணலன்னா கெட்டுப் போயிரும்."

நியாயமான பேச்சு. யார் என்ன சொல்ல முடியும்? குழம்பு கொதித்தது. சின்ன குசினி, நாலு பக்கமும் தண்ணீர், ஜன்னலைத் திறந்தால் சாரல். வாசம் போவதற்கு வழியில்லாமல் எல்லோர் மூக்கிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அமிர்தலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார்.

"சோறும் ஆச்சு. ஒரு பிடி சாப்டுங்கக்கா. இந்த மாதிரி நேரத்துல என்னாக்கா இருக்கு?"

"தப்பா எடுத்துக்காதம்மா. நாங்க இன்னும் ஒண்ணும் பேசி முடிக்கல. வீட்டுக்குப் போயி, கோயில்ல பூ கேட்டு, அப்பறம்தான் எதுவும். அதுக்கு முன்ன கை நனைக்கக் கூடாது."

"யாருக்கும் தெரியாதுலா அம்மா" என்றான் முகுந்தன்.

"எனக்குத் தெரியும்ல? நீ வாயத் தொறக்காத. ஒங்க அண்ணன் கதைய மறந்துட்டியா?"

அந்தக் கதையை அவளே சொன்னாள். மூத்தவனுக்குப் பெடாஸில் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். அந்த வீட்டில் வாழை இலையே போட்டுவிட்டார்கள். மரியாதைக்காக உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். மூத்தவன் என்னடா என்றால் வேறு ஒரு பெண்ணை மனசில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான்.

"வேணாம்னு சொல்லி அனுப்புனோம். அந்தப் பொண்ணோட அம்மா திருவிழாவுல என்னையப் புடிச்சிக்கிட்டா. அத்தன பேர் முன்னால கேட்டா: எஞ்சோறு ருசியா இருந்துச்சி, எம்பொண்ணு கசந்துட்டாளான்னு. அந்தப் பொண்ணு பக்கத்துல நிக்குது. தலையத் தூக்கல. இன்னிக்கும் அந்த மொகம் எனக்கு மறக்கல. அன்னைக்கி முருகன் சன்னதியில நின்னு சொன்னேன், இனிமே நிச்சயம் பண்ணாத வீட்டுல ஒரு பருக்க தொட மாட்டேன்னு."

சொல்லி முடித்தபோது அவள் குரல் உடைந்திருந்தது. அந்தப் பெடாஸ் பெண்ணின் தாய் கேட்டதுதான் சரி என்று குமுதவல்லிக்கு வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

ஆனால் விருந்தாளி பட்டினியாக இருக்கும்போது வீட்டுக்காரர் எப்படிச் சாப்பிடுவது? அதுவும் ஒரு சட்டம்தானே. வீரமுத்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புனிதாவும் தொடவில்லை. ஒரு சட்டி குழம்பு, ஒரு பானை சோறு, அதைச் சுற்றி ஆறு பேர் பட்டினி. கேட்டால் யாராவது நம்புவார்களா?

அமிர்தலிங்கம் மட்டும் மாத்திரை போடுகிறவர், வெறும் வயிற்றோடு இருக்க முடியாது. வள்ளியம்மா கைப்பையிலிருந்து பிஸ்கட் எடுத்து அவருக்கு மட்டும் கொடுத்தாள். தான் ஒன்றுகூடத் தொடவில்லை. அது எத்தனை நேரத்துக்குக் காணும்? கொஞ்ச நேரத்தில் அவர் குமுதவல்லியைப் பார்த்துக் கேட்டார்.

"காப்பி குடிக்கலாம்ல? காப்பி சட்டத்துல இருக்கு."

"தாராளமா!" என்று குமுதவல்லி பாய்ந்தாள். காப்பி வந்தது. அடுத்த முறை மைலோ வந்தது. வள்ளியம்மா யோசித்துவிட்டு மைலோவும் காப்பி மாதிரிதான் என்றாள். அதற்கடுத்த முறை மைலோவில் ஓட்ஸ் கலந்து வந்தது.

"இது என்னா?"

"மைலோதான்க்கா."

"கரண்டி நிக்கிது அதுல."

"குடிக்கிறதுதானே வள்ளி" என்றார் அமிர்தலிங்கம், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"குடிங்க பாப்போம். மெல்லாம குடிங்க."

அவர் குடித்தார். மெல்லாமல் இருக்க எவ்வளவோ முயன்றார். தாடை அவர் பேச்சைக் கேட்கவில்லை. "நோயாளிக்கு மருந்து மாதிரி, போவட்டும்" என்று வள்ளியம்மா தீர்ப்புச் சொன்னாள். அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு குமுதவல்லி அடுத்த அடி வைத்தாள்.

"அப்ப ஒங்களுக்கு ஒரு டம்ளர் கஞ்சி ஆத்தித் தரவாக்கா? கஞ்சியும் குடிக்கிறதுதான்."

"கஞ்சி எதுலேருந்து வருது?"

குமுதவல்லி சோற்றுப் பானையின் மூடியை இழுத்து மூடினாள்.

"சோத்துலேருந்து வருது. என்னைய ஏமாத்தப் பாக்காத."

அன்றைய ராத்திரி அப்படித்தான் போனது. உட்கார்ந்தபடியே தூங்கினார்கள், கோழிகள் உட்பட. விடிந்தபோது மழை தூறலாக இளைத்திருந்தது. தண்ணீர் இளைக்கவில்லை. மூன்று படியில் இரண்டு படி முழுகிவிட்டது. வீட்டைச் சுற்றிச் செம்பனைக் காடு முழுக்கப் பழுப்புத் தண்ணீர், அதில் உதிர்ந்த பழங்களும் யாரோ வீட்டுச் செருப்புகளும் மிதந்து போயின. குமுதவல்லி எழுந்ததும் முதல் வேலையாகக் குழம்பைச் சூடு பண்ணினாள். அது மூன்றாவது சூடு. சமைக்கத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: சுண்டிச் சுண்டி எண்ணெய் பிரிந்து, கறி கறுத்து, மசாலா சட்டியோடு ஒட்டிக்கொண்டு ஒரு பதத்துக்கு வரும். முதல் நாள் குழம்பு அதன் கிட்டே நிற்க முடியாது. வள்ளியம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

பின்வாசலில் மட்டைகள் வந்து அடைத்துக்கொண்டு தண்ணீரை உள்ளே தள்ளின. குலை வெட்டுகிற நீளக் கழியை எடுத்துக்கொண்டு முகுந்தன் படியில் நின்று தள்ளினான். புனிதா பக்கத்தில் நின்று எந்த மட்டையை எந்தப் பக்கம் தள்ளுவது என்று சொன்னாள்.

"ஒண்ணு கேக்கவா?" என்றான் அவன். "என்னைய வேணாம்னா நேராவே சொல்லிருங்க. வாட்ஸ்ஆப்ல கும்புடு அனுப்பாதீங்க. எனக்கு நெறைய வந்துருச்சி."

"ஒங்களுக்குமா? எனக்குத்தான் வரும்னு நெனச்சேன்."

"ஏர்கோன் ரிப்பேர் பண்றவன், கையெல்லாம் கேஸ் நாத்தம்னு ஒரு பொண்ணு சொல்லிருச்சி."

"என் கையும் செம்பன நாத்தம்தான். அந்த மட்டைய விட்டுட்டீங்க பாருங்க. வலது பக்கம்! வலது!"

உள்ளே உட்கார்ந்திருந்த வள்ளியம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். புனிதா பேசுவதைக் கேட்காமல் இருக்க யாரால் முடியும்?

மத்தியானம் நெருங்குகையில் தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. தீயணைப்புப் படையான போம்பாவின் படகு, ஆரஞ்சு நிறம், மரங்களுக்கு நடுவில் கீழ் லயத்து வீடுகள் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வீரமுத்து துண்டை ஆட்டினார். முகுந்தன் கையைத் தட்டினான். படகு திரும்பவில்லை.

"பாங்! சினி! சினி லா பாங்!" என்று மலாயில் இங்கே வரச் சொல்லிப் புனிதா ஒரு குரல் கொடுத்தாள்.

படகு திரும்பியது. கோழிகள் பறந்தன. படகிலிருந்தவன் கையைக் காட்டினான்: கீழ் லயத்தில் ஆட்களை ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறேன், நில்லுங்கள்.

வள்ளியம்மாவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? பள்ளிக்கூடத்துல கவர்மெண்டு சாப்பாடு குடுப்பாங்க. அது யாரு வீட்டுச் சோறும் இல்ல. எல்லாரும் அங்க போயி நிம்மதியா சாப்டலாம்."

குமுதவல்லிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படகு வந்துவிட்டால் கதை முடிந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் ஆளுக்கொரு மூலை, தண்ணீர் இறங்கியதும் பாரோய், அப்புறம் கும்பிடு. அவள் சட்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

கிளம்பத் தயாராக இருக்கலாம் என்று வள்ளியம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். எழுந்தவள் அப்படியே சுவரைப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது. புனிதா ஓடிப்போய்த் தாங்கினாள்.

"ஒண்ணும் இல்லம்மா. கால் மரத்துப் போச்சி."

"கால் இல்ல ஆன்ட்டி. ஒங்க கை நடுங்குது."

"படகு வந்துரும்."

"படகு வர நேரமாவும். வந்தாலும் இந்த நெலமையில அதுல ஏற முடியாது."

புனிதா அவளை உட்கார வைத்தாள். ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டாள். குழம்பை ஊற்றினாள். கறியாகப் பார்த்து அள்ளி வைத்தாள். வள்ளியம்மாவின் மடியில் தட்டை வைத்துவிட்டு எதிரே குந்தி உட்கார்ந்து, தன் குரலுக்கு எட்டிய மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, சாப்டுங்க. பயப்படாம சாப்டுங்க. நான் ஒங்க மவன கட்டிக்கப் போறதில்ல. எனக்கு வேணாம். பொண்ணே வேணாம்னு சொல்லியாச்சி. இனிமே நீங்க சாப்ட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

முகுந்தன் கையிலிருந்த கழி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"அடியே!" என்று குமுதவல்லி அலறினாள். "ஒனக்கு மண்டைக்குள்ள தண்ணி ஏறிருச்சாடி? சாமி, இவ வாயில வந்தத ஒளர்றாக்கா, நீங்க காதுல போட்டுக்காதீங்க!"

வள்ளியம்மா தட்டைப் பார்க்கவில்லை. புனிதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வெளுப்புப் போய்க் கோபம் ஏறியது.

"ஏன் வேணாம்? எம்புள்ளைக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணும் இல்ல."

"குடிக்கிறானா? சிகரெட் புடிக்கிறானா? ராத்திரிபூரா ஒங்க வீட்டு ஐஸ்பெட்டியத் தூக்குனான், கோழியப் புடிச்சான், லோங்காங்ல விழுந்தான். அவன வேணாங்கிறியா?"

"நல்லவருதான் ஆன்ட்டி."

"அப்ப புடிச்சிருக்கா?"

புனிதா தலையைக் குனிந்துகொண்டாள். "அத இப்ப சொன்னா நீங்க சாப்ட மாட்டீங்க."

அமிர்தலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், வள்ளியம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு தட்டைத் தரையில் வைத்து, நாற்காலியிலிருந்து இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கை கழுவத் தண்ணி குடு" என்றாள்.

கழுவினாள். பிசைந்தாள். முதல் வாய் உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது வாய்க்கு எலும்பைக் கடித்தாள். மற்றவர்கள் நின்றபடி அவள் வாயையே பார்த்தார்கள். இந்தச் சாப்பாட்டுக்கு என்ன அர்த்தம்? பெண் வேண்டாம் என்றதால் நிம்மதியாகச் சாப்பிடுகிறாளா, இல்லை வேறு ஏதாவதா? கேட்கிற தைரியம் ஒருவருக்கும் இல்லை. குமுதவல்லி மறுசோறு போடக் கரண்டியை எடுத்தவள் போடலாமா கூடாதா என்று தெரியாமல் கரண்டியோடு நின்றாள்.

"போடு" என்றாள் வள்ளியம்மா. போட்டாள்.

அந்த நேரத்தில் படகு வந்து பின்வாசல் படியில் முட்டியது. மழைக்கோட்டுப் போட்ட மலாய்க்காரப் பையன் ஒருவன் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். மண்டபத்தில் குடும்பத்துக்கு ஒரு கூடாரம் போடுகிறார்களாம், முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம்.

"பெராப்பா கெலுவார்கா, பாக்சிக்?" எத்தனை குடும்பம் என்று வீரமுத்துவைக் கேட்டான்.

வீரமுத்து நேர்மையான மனுஷன். மகள் வேண்டாம் என்று சொல்லியாயிற்று, அதற்கு மேல் அவர் என்ன செய்வார்? தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினார்.

"டுவா" என்றார். இரண்டு.

"எது டுவா?"

வள்ளியம்மாதான். வாய் நிறையச் சோறு. அதை விழுங்கக்கூட இல்லை. "சத்து கெலுவார்காடா தம்பி! சத்து!" என்று ஒற்றை விரலைப் படகுக்காரனுக்கு நீட்டினாள். பிறகு வீரமுத்து பக்கம் திரும்பினாள். "நான் சாப்ட்ட கை இன்னும் காயல. அதுக்குள்ள ஒரே குடும்பத்த ரெண்டா பிரிச்சு உடுறீங்களே சம்பந்தி, நல்லா இருக்கா இது?"

குமுதவல்லி கரண்டியோடு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அமிர்தலிங்கம் யாரையும் கேட்காமல் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு சட்டி பக்கம் நகர்ந்தார். முகுந்தன் சிரிக்கிறானா என்ன செய்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை, தண்ணீரில் இறங்கி மிதந்து போகிற கழியைப் பிடிக்கப் போனான்.

புனிதா மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. வள்ளியம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். தன் தட்டிலிருந்தே சோற்றைப் பிசைந்து, கறியை வைத்து உருட்டினாள்.

"வாயத் தொற. நேத்திலேருந்து நீயும்தான் சாப்டல. நான் பாக்கலன்னு நெனச்சியா?"

"ச்செப்பாட் லா, மாக்சிக்" என்று படகிலிருந்து அவன் அவசரப்படுத்தினான்.

"இருடா" என்றாள் வள்ளியம்மா, அவனுக்குப் புரியாத தமிழிலேயே. "வீட்டுப் புள்ள சாப்டுது."